சுருட்டை விட்ட வயிறு

எழுத வந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். படித்தவர்கள் எழுதும் இடத்தில் வந்து உட்காரக் கூச்சமாக இருக்கிறது. அதிலும் நான் எழுதப்போவது என் வயிற்றைப் பற்றி. ஒரு பொம்பளை வாய்விட்டுச் சொல்லக்கூடிய சங்கதி இல்லை. ஆனால் சொல்லவேண்டிய நேரத்தில் வாயைத் திறக்காமல் இருந்ததால்தான் இவ்வளவும் நடந்தது. முகம் சுளிப்பவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். நான் தப்பாக நினைக்கமாட்டேன்.

இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தேன். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் காலையில் கைப்பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுப் போகும் இடம் அது. நீளமாக ஒரே அறை, தகரக் கூரை, உத்தரத்தில் வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்கள், மூலையில் ஓர் அடுப்பு. முன்பு நானும் கொழுந்து எடுத்தவள்தான். ஒரு மழைக்காலத்தில் கூடையோடு தண்ணீர் வடியும் கானுக்குள் விழுந்து இடுப்பு பிசகிப் போயிற்று. அதற்குப் பிறகு மலை ஏற முடியவில்லை. புருஷன் காய்ச்சலில் போய்விட்டார், பிள்ளையும் இல்லை. தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையா இரக்கப்பட்டு என்னைப் பிள்ளைக்காம்பராவில் போட்டார். அந்த வேலை போனால் தோட்டத்துப் பதிவில் பேர் வெட்டிவிடுவார்கள். பேர் வெட்டினால் லயத்து வரிசை வீடுகளில் எனக்கு இருக்கிற ஒற்றைக் காம்பராவையும் விட்டுவிட்டுப் போகவேண்டும். போவதற்கு எனக்கு இடம் கிடையாது.

நான் சுருட்டுக் குடிப்பேன். அதை யாருக்கும் தெரியாமல் செய்தேன். என் அம்மா எல்லோருக்கும் தெரியும்படி குடித்தவள். மழையில் தேயிலை மலையில் நிற்கும்போது வாயில் சுருட்டைக் கடித்துக்கொண்டு, காலில் அட்டை ஏறினால் அந்த எச்சிலைத் துப்பி விழவைப்பாள். எனக்கும் அப்படித்தான் பழகியது. பிறகு தோட்டத்தில் நாகரிகம் வந்தது. இளம் பெண்கள் சுருட்டைக் கண்டால் மூக்கைப் பொத்தினார்கள். பிள்ளைக்காம்பராவுக்கு மாறிய பிறகு நான் அதை மறைத்துக்கொண்டேன். விடியும் முன் ஆற்றோரம் ஒதுங்கும்போது பாதிச் சுருட்டு. மிச்சப் பாதி, பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் அடுப்புக்குப் பின்னால், புகையோடு புகையாக. அடுப்புப் புகை எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்று நம்பியிருந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் ஒரு தாய் தன் ஆண்பிள்ளையை எடுக்க வந்தாள். அவளுக்கு அது முதல் பிள்ளை, தவழ ஆரம்பித்திருந்தது. பிறந்ததிலிருந்தே கொஞ்சம் மூச்சு இளைப்பு உண்டு. கூடவே அவள் புருஷனும் வந்திருந்தான். தொட்டிலிலிருந்து தூக்கியவள் பிள்ளையின் தலையை முகர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, இது என்னா வாடை?"

"எண்ண வாடையா இருக்கும்."

"சுருட்டு வாடை. காலையில நீங்கதான தூக்கியாந்தீங்க. இளைக்கிற புள்ள தலையில பொகைய ஊதிப்புட்டு எண்ணயாம் எண்ண."

"அடியே, நான் வெத்தலய தவிர எதயாவது தொட்டிருக்கேனா? ஆயாம்மா, நீங்களே சொல்லுங்க. எம்மேல சுருட்டு வாடை வருதா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்குச் சளி புடிச்சிருக்கு தம்பி. ஒரு வாடையும் தெரியல" என்றேன்.

அவள் அவனிடம் பிள்ளையைக் கொடுக்கவில்லை. தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். அவன் அவளுடைய காலிக் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். அவர்களுடைய லயமும் என்னுடைய லயமும் ஒன்று. நடுவில் இரண்டு காம்பராதான். அதற்குப் பிறகு பல நாள் அவள் அவனைப் பிள்ளையைத் தொடவிடவில்லை. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் ஆம்பிளைகள் அவனைக் கேலி செய்வது எனக்குக் கேட்கும். "மச்சான், பொண்டாட்டிக்குத் தெரியாம ஒரு சுருட்டு குடுடா" என்பார்கள். அவன் வெற்றிலையைத் துப்பிவிட்டு எல்லாச் சாமி பேரிலும் சத்தியம் செய்வான்.

வாடை பிடித்த அன்றைக்கே நான் சுருட்டை விட்டேன். மடியில் இருந்ததை அடுப்பில் போட்டேன். அதோடு பாவம் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

தீரவில்லை. வயிறு நின்றுவிட்டது.

சுருட்டைப் பற்றவைத்து நாலு இழுப்பு இழுத்தால்தான் வயிறு இளகும் என்று என் உடம்பு அத்தனை வருஷமாகப் பழகியிருக்கிறது. எனக்கு அது தெரியாது. இப்போது வெறுங்கையோடு போய்ப் பனியில் உட்கார்ந்தால் ஒன்றும் நடக்கவில்லை. ஆற்றோரம் மறைவான இடம் ஒன்றுதான் உண்டு. மற்றவர்கள் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நேரமாகிறது என்று மேலே நின்று இருமுவார்கள்.

"ஆயாம்மா, அங்கேயே குடி போயிட்டீங்களா?"

எழுந்து வந்துவிடுவேன். சுடுதண்ணீர் குடித்தேன். ஓமத்தை மென்றேன். இஞ்சியைத் தட்டித் தேத்தண்ணியில் போட்டுக் குடித்தேன். வாழைப்பழம் தின்றேன். ஏப்பம் வந்தது, வேறு எதுவும் வரவில்லை. வயிறு தப்பு மேளம் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. பிள்ளைகளைத் தூக்கிக் குனியும்போது மூச்சு முட்டியது.

வயிறு அப்படி இருந்தும் வாய் சும்மா இருக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் விளங்காத விஷயம். உள்ளே இடமில்லை, ஆனாலும் எதையாவது மென்றுகொண்டே இருக்கவேண்டும் போல இருந்தது. காலையில் ஒரு ரொட்டி தின்றவள் இரண்டு தின்றேன். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு தேத்தண்ணி குடிப்பது எங்கள் வழக்கம். அந்தச் சீனி விரலிடுக்கு வரை நிறைந்தது. சுருட்டு நினைப்பு வரும்போதெல்லாம் ஒரு பிடி அவல், ஒரு துண்டு தேங்காய். அப்புறம் அந்தப் பால் சட்டி.

அதைச் சொல்லவேண்டும். தோட்டத்திலிருந்து பிள்ளைகளுக்குப் பால்மா வரும். பத்து மணிவாக்கில் பெரிய சட்டியில் கரைத்துக் காய்ச்சுவேன். எல்லாப் பிள்ளைக்கும் ஊற்றிய பிறகு சட்டியின் அடியில் கொஞ்சம் தடித்துப்போய் ஒட்டியிருக்கும். லேசாகக் காந்தல் வாடையோடு தித்திப்பாக இருக்கும். அந்தச் சட்டியை வழித்துத் தின்பது பெரிய பிள்ளைகளுக்குப் பெரிய பரிசு. அழாமல் தூங்கியவர்களுக்கு முறை வைத்துக் கொடுப்பேன். மூன்று வயதில் ஒரு பெண்பிள்ளை இருந்தது. அது தன் முறை வரும்வரை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரியும்.

சுருட்டை விட்ட சில நாளில், முறை எனக்கு வந்தது. ஒரு நாள் ஒரு விரல் வழித்து வாயில் வைத்தேன். நாக்கில் சுருட்டு இருந்த இடத்தில் அது போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் கரண்டியால் வழித்தேன். பிள்ளைகளுக்கு ஊற்றவேண்டியதில் நான் ஒரு சொட்டுக்கூடக் குறைக்கவில்லை. இதை எந்தக் கோயிலிலும் சொல்வேன். ஆனால் அந்த மூன்று வயதுப் பிள்ளை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, "இன்னைக்கு உம்மொற இல்லம்மா" என்று சொன்னேன். பல நாள் சொன்னேன்.

உடம்பு ஊதியது. சட்டைக் கையை அவிழ்த்துத் தைத்தேன். அவிழ்ப்பதற்குத் துணி மிச்சமில்லாதபோது கக்கத்தில் கிழிந்தது. கம்பளியைப் போர்த்தி மறைத்தேன். முகத்தை எதைப் போர்த்தி மறைப்பது?

மாசத்துக்கு ஒரு தரம் பிள்ளைகளை நிறுப்பார்கள். கொழுந்து நிறுக்கும் தராசைக் கொண்டுவந்து உத்தரத்தில் மாட்டி, படங்குச் சாக்கில் பிள்ளையை வைத்துத் தூக்குவார்கள். அந்த ஆடி மாசம் விடாத மழை. பாதிப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். அந்த இளைப்புப் பிள்ளைக்கும் வந்து போயிருந்தது. அதன் எடை முந்தின தடவையைவிடக் குறைந்திருந்தது.

நிறுத்து முடித்த ஆள் தராசைக் கழற்றும்போது சிரித்தான். "ஆயாம்மாவ மட்டும் வச்சிடாதீங்க. துரைகிட்ட வேற தராசு கேக்கணும்."

தாய்மார் எல்லோரும் சிரித்தார்கள். இளைப்புப் பிள்ளையின் தாய் சிரிக்கவில்லை. அவள் தன் பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு விளங்கியது. நான் திருடவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் திருடியவளைப் போல என் கை கம்பளிக்குள் போய்விட்டது.

வயிறு இறங்கினால் உடம்பும் இறங்கும் என்று தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷன், சத்தமாகப் பேசுவார். எனக்குப் பின்னால் வரிசையில் ஆம்பிளைகள் நின்றார்கள்.

"என்ன செய்யுது?"

"வயிறுங்க."

"வயித்தாலை போகுதோ?"

அவர் ஊர்ப் பேச்சில் அது வயிற்றோட்டம். எனக்கு 'போகுதோ' என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. போகவில்லை என்பதுதான் நோய். அதை அத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால் எப்படிச் சொல்வேன்? தலையைக் குனிந்துகொண்டேன்.

"எத்தினை தரம்?"

"தெரியலீங்க."

"கணக்கில்லாமல் போகுதாக்கும். இந்தக் கிழமை முழுக்க உதுதான்" என்று சொல்லிவிட்டு, சுண்ணாம்புத் தண்ணி மாதிரி வெள்ளையாக ஒரு மருந்தைப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே சந்தேகம் வந்தது. அது மலைக்குப் போகிறவர்களுக்கு வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் மருந்து. எத்தனையோ பேர் கையில் பார்த்திருக்கிறேன். ஆனாலும் கொடுத்தவர் டாக்டர். திரும்பிப்போய், "ஐயா, எனக்கு அது இல்லை" என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. மூன்று வேளையும் சொன்னபடி குடித்தேன். கொஞ்சநஞ்சம் அசைந்த வயிறும் அடைத்துப்போயிற்று. பிள்ளைக்காம்பராவுக்குள் நடக்கும்போது நடையே மாறிவிட்டது. பீலிக்கரையில் ஒருத்தி இன்னொருத்தியிடம், "தண்ணி புடிச்ச கோழி மாதிரி நடக்குது பாரு" என்றாள். "தண்ணியா, பாலா?" என்றாள் மற்றவள். குடத்தை நிரப்பாமலே திரும்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மஸ்கெலியாக் கடைவீதிக்குப் போனேன். சுருட்டுக் கடையைத் தாண்டித்தான் மருந்துச் சாமான் கடை. சுருட்டுக் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். ஒன்றே ஒன்று வாங்கினால் நாளைக்கு எல்லாம் சரியாகிவிடும். யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்போது பீலிக்கரையில் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சத்தியம் செய்கிறவனின் முகம் ஞாபகம் வந்தது. நடந்துவிட்டேன். மருந்துக் கடைக்காரர் பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, பேதிக்கு நிலாவரைப் பொடி கேட்டேன். "ஒரு சின்னக் கரண்டி, சுடுதண்ணியில. கூடப் போட்டுறாதீங்கம்மா" என்றார். என் வயிற்றுக்கு ஒரு கரண்டி எந்த மூலைக்கு என்று அன்று சாயங்காலம் மூன்று கரண்டி போட்டுக் குடித்தேன்.

விடியும் முன் ஆற்றோரம் போனேன். ஒன்றுமில்லை. பெரட்டுத் தப்பு அடித்தது. பிள்ளைகள் வந்தார்கள். தொட்டிலில் போட்டேன், ஆட்டினேன், துணி மாற்றினேன். பால் காய்ச்சினேன். எல்லாப் பிள்ளைக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அடுப்பங்கரையில் உட்கார்ந்து சட்டியை வழித்து இரண்டு கரண்டி வாயில் போட்டிருப்பேன். அப்போது மருந்து பிடித்தது.

பிள்ளைகளைத் தனியாக விட்டுப் போகக் கூடாது. அது அந்த வேலையின் முதல் சட்டம். எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஓடினேன். கரண்டி சட்டிக்குள்ளேயே கிடந்தது. இடுப்பு வலியோடு அந்தச் சரிவில் எப்படி இறங்கினேன் என்று ஞாபகம் இல்லை.

மழையில் நனைந்துகொண்டு திரும்பி வந்தேன். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே உள்ளே நுழைந்தபோது, பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வந்த அந்தத் தாய் அறையின் நடுவில் நின்றாள். பிள்ளை அவள் தோளில் கிடந்து வீறிட்டது. அதன் துணி முழுக்க ஈரம். அவள் அடுப்பங்கரையில் இருந்த சட்டியைப் பார்த்தாள். கரண்டியைப் பார்த்தாள். வாயோரம் முந்தானையோடு நின்ற என்னைப் பார்த்தாள்.

"துடைச்சுக்கிட்டு வர்றீங்களா?" என்றாள்.

நான் முந்தானையைக் கீழே விட்டேன்.

"எம்புள்ள எடை எங்க போச்சுன்னு தேடிக்கிட்டு இருந்தேன். இப்ப தெரிஞ்சு போச்சு. நாளைக்குப் பெரட்டுல கண்டாக்கையாகிட்ட சொல்லாம விடமாட்டேன்."

அதைச் சொல்லிவிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து கொடுத்தாள். பிறகு வேறு வழியில்லாமல் பிள்ளையை என் கையிலேயே கொடுத்துவிட்டு மலைக்குப் போனாள். அரை நாள் கூலி போய்விடுமே என்று, அத்தனை கோபத்திலும் பிள்ளையை என்னிடம் விட்டுப்போக அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. அன்று எனக்குப் பேர் வெட்டுவது மட்டும்தான் கண்முன் நின்றது. லயத்துக் காம்பராவில் எதை எதைச் சாக்கில் கட்டலாம் என்றுகூட நினைத்துப் பார்த்தேன். அந்தப் பிள்ளை என் மடியிலேயே தூங்கிற்று. அதன் தலையை முகர்ந்து பார்த்தேன். பால் வாடை, மழை வாடை. வேறு ஒன்றும் இல்லை.

சாயங்காலம் எல்லாத் தாய்மாரும் சேர்ந்து வந்தார்கள். செய்தி மலை முழுக்கப் பரவிவிட்டது என்பது அவர்கள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. அவள் புருஷனும் வந்து வாசலில் நின்றான்.

"என்னாங்க ஆயாம்மா, பால்மா ருசியா இருக்குதா?" என்றாள் ஒருத்தி.

"சும்மாவா? துரைசாணி வீட்டுக் கன்னம் மாதிரில்ல ஆயிருச்சு" என்றாள் இன்னொருத்தி.

வாயைத் திறந்தேன்.

"அந்த வாடை நான்தான் புள்ள."

"எந்த வாடை?" என்றாள் பிள்ளையின் தாய்.

"உம்புள்ள தலையில இருந்த சுருட்டு வாடை. அந்தத் தம்பி இல்ல. நான்தான் குடிச்சேன், இந்த அடுப்புக்குப் பின்னால ஒக்காந்து. நீ மோந்து பாத்த அன்னைக்கே விட்டுட்டேன். விட்டதுலேருந்து வயிறு போகல. வாய் சும்மா இருக்க மாட்டேங்குது, கண்டதத் திங்கிறேன். அதான் இந்த ஒடம்பு. காலையில பேதி மருந்து குடிச்சிட்டு நிக்க முடியாம ஓடினேன்."

முதலில் சிரித்தவன் அவள் புருஷன்தான். வாசல்படியில் உட்கார்ந்து தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான்.

"கேட்டியாடி? கேட்டியா? எத்தன நாளு! எம்புள்ளய நான் தூக்கக் கூடாதுன்னு எத்தன நாளு! ஆயாம்மா, நீங்க நல்லா இருப்பீங்க, அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

மற்ற பெண்களும் சிரித்தார்கள். "சளி புடிச்சிருக்குன்னு சொன்னிச்சாம்" என்று ஒருத்தி என்னைப் போலவே இழுத்துச் சொன்னாள். நானும் சிரித்திருப்பேன். ஆனால் பிள்ளையின் தாய் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்றாள்.

"அப்ப அந்தச் சட்டி?" என்றாள்.

அதை அவள் கேட்காமல் இருந்திருக்கலாம். அந்தச் சிரிப்போடு எல்லாம் முடிந்திருக்கும்.

"சட்டிய வழிச்சது நான்தான். ஊத்துற பாலுல கை வைக்கல. அடியில ஒட்டுறது பெரிய புள்ளைங்களுக்குக் குடுக்கிறது. அத நான் தின்னேன்."

"எத்தன நாளா?"

"சுருட்ட விட்டதுலேருந்து."

அந்த மூன்று வயதுப் பிள்ளை தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் நின்றது. அதற்கு நாங்கள் பேசியது விளங்கியதோ இல்லையோ, சட்டியைத் திரும்பிப் பார்த்தது. அதன் அம்மா என்னைப் பார்க்காமல் பிள்ளையின் தலையைத் தடவினாள். இதுவரை செய்த கேலியெல்லாம் என்னைத் தொடவில்லை. அந்தத் தடவல் தொட்டது.

பிள்ளையின் தாய் வேறு ஒன்றும் கேட்கவில்லை. கண்டாக்கையாவிடம் சொல்லப்போகிறாளா இல்லையா என்றும் சொல்லவில்லை. தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்தாள். வாசலுக்குப் போனதும் அதைப் புருஷன் கையில் கொடுத்தாள். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். கூடையை அவள் தூக்கிக்கொண்டாள்.

மறுநாளும் மழை. பெரட்டில் கண்டாக்கையா என்னைக் கூப்பிடவில்லை. எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள், அந்தப் பிள்ளையும் வந்தது. பத்து மணிவாக்கில் பால் காய்ச்சினேன். சட்டியை அந்த மூன்று வயதுக்காரி வழித்தாள். எனக்கு மறுபடியும் வயிறு போகவில்லை.